ஐம்பத்தொன்பது கொடுக்கும் முன்

ஹாம் ரேடியோக்காரர்கள் நாலு பேர் கூடினால் அந்தமான் கதை வராமல் கூட்டம் கலையாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போய் ஆன்டெனா கட்டியது. வியூ4ஆர்பிஐ என்பது அழைப்புக்குறி. அங்கிருந்து அமெச்சூர் (ஹாம்) ஒலிபரப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், ஒரே ஒரு தொடர்பு கிடைத்தால் போதும் என்று உலகம் முழுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் ஏறியது, தொலைபேசிகள் செத்தன. குழு பொழுதுபோக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தீவில் இருப்பவர்களின் நிலையை இந்தியக் கரையில் இருந்த உறவினர்களுக்குச் சொல்லும் வேலையில் இறங்கியது. தொடர்புக்காக முண்டியடித்தவர்கள் அலைவரிசையை விட்டு விலகி வழிவிட்டார்கள்.

எங்களுக்குப் பெருமையான கதைதான். ஆனால் இந்தப் பெருமையின் நிழலில் வேறொரு பழக்கமும் வளர்ந்துவிட்டது. எங்கே வெள்ளம் வந்தாலும் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் வருவது அலைவரிசை எண் இல்லை, வங்கிக் கணக்கு எண். செய்தி கடத்தத் தெரிந்தவனுக்கு நிதி திரட்டவும் தெரியும் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம். அது தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் எங்களை ஆளும் 1978ஆம் ஆண்டு விதிகள், பண ஆதாயம் இல்லாமல் சொந்த ஆர்வத்துக்காகச் செய்யும் பணி என்றே அமெச்சூர் சேவையை வரையறுக்கின்றன. அடுத்தவர் செய்தியை நாங்கள் கடத்தக் கூடாது. வழக்கமான தொலைத்தொடர்பு அறுந்துபோன பேரிடரில் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் மாவட்ட ஆட்சியர் போன்ற பொறுப்புள்ள அதிகாரிகள் தொடர்பான செய்தியாக இருக்க வேண்டும். ஆக, நாங்கள் வானலையில் கூடும் காலை நெட்டில் 7 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு இன்ன அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புங்கள் என்று பேசுவது உரிமத்தின் நோக்கத்தில் அடங்காது என்பதே என் புரிதல். கைபேசிக் குழுவுக்கு இந்த விதி பொருந்தாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வேலைமுறையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். அவசரகால நெட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். யார் பேசலாம் என்பதை நெட் கன்ட்ரோலில் இருப்பவர் சொல்வார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண், நேரம், அனுப்பியவர், பெறுபவர், சொற்களின் எண்ணிக்கை எல்லாம் உண்டு. பத்துச் சொல் என்று சொல்லிவிட்டு எட்டுதான் காதில் விழுந்தால், எதிர்முனை அங்கேயே நிறுத்தித் திரும்பக் கேட்கும். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக, விக்டர், எக்கோ, டெல்டா என்று சொல்வோம். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வோம். இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகவே கேட்கும், பதினைந்து பேருக்கு ஐம்பது பொட்டலம் போய் நிற்கும். கேட்டவர் முழுவதையும் திருப்பி வாசிக்க வேண்டும். செய்தி உரியவர் கைக்குப் போனதும் அதே எண்ணைச் சொல்லி முடிந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அது எழுதப்படாத வரைக்கும் அந்தச் செய்தி எங்கள் தலையில்தான்.

புதிதாக உரிமம் வாங்கி வரும் பையன்கள் இதை அலுவலகக் கெடுபிடி என்பார்கள். அவர்களுக்கு நான் 2015 சென்னை வெள்ளத்தை நினைவுபடுத்துவேன். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை மீறியது. பல பகுதிகளில் கைபேசி ஊமையானது. சிக்னல் இருந்த இடங்களிலோ வேறு தொல்லை. கர்ப்பிணி மொட்டை மாடியில் தவிக்கிறார், உடனே படகு தேவை என்று ஒரு செய்தி வரும். அவர் முந்தின நாளே மீட்கப்பட்டு உறவினர் வீட்டில் இருப்பார். செய்தி மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் தேதி கிடையாது, எழுதியவர் யாரென்று தெரியாது, முடித்துவைக்க ஆளும் கிடையாது. நல்ல மனசுக்காரர்கள்தான் அதை அனுப்பினார்கள். ஒரு படகை வெறும் மாடிக்கு அனுப்பிவைக்க நல்ல மனசே போதும்.

நன்கொடைச் செய்தியும் அப்படித்தான். யார் கேட்கிறார்கள், எப்போது கேட்டார்கள், எதற்கு, எவ்வளவு, எப்போது போதும் என்பார்கள் என்ற ஐந்தில் ஒன்றும் இல்லாமல் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் தொட ஆளில்லாமல் குவிந்து கிடந்த பழந்துணியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போதும் என்ற செய்தி கிளம்பவே இல்லை, அல்லது கிளம்பியது போய்ச் சேரவில்லை.

எங்கள் உலகத்துக்கே உரிய இன்னொரு பலவீனமும் இருக்கிறது. எதிர்முனையின் குரல் எப்படிக் கேட்கிறது என்பதை இரண்டு இலக்கத்தில் சொல்வோம். தெளிவுக்கு ஐந்து வரை, வலிமைக்கு ஒன்பது வரை. ஐம்பத்தொன்பது என்றால் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்கிறது என்று பொருள். நடைமுறையில் என்ன செய்கிறோம்? அழைப்புக்குறியை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் அவருக்கும் ஐம்பத்தொன்பது கொடுக்கிறோம். போட்டி நாட்களில் வேறு எண்ணே காதில் விழாது. மரியாதைதான், யாருக்கும் நட்டமில்லை. அதே கையால் ஒரு அறக்கட்டளைக்கும் ஐம்பத்தொன்பது கொடுத்தால் நட்டம் உண்டு. நம்ம ஆள்தான் சொல்றார், நல்ல அமைப்பாத்தான் இருக்கும் என்று நம்பிப் பணம் போடுகிறார்கள். சொன்னவருக்கு நன்றாகத் தெரிந்தது ஆன்டெனா. அறக்கட்டளையின் கணக்கு வழக்கை அவர் ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார். பல வருடமாகத் தினம் காலையில் குரல் கேட்டுப் பழகிய, முகம் பார்த்தறியாத மனிதர்களின் கூட்டம் எங்களுடையது. அந்த நம்பிக்கையைக் கடனாக எடுத்துப் பணப் பக்கம் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயம் இன்னும் சிக்கல். எங்கள் பொழுதுபோக்குக்கு எல்லை கிடையாது; இங்கே புயல் என்றால் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பணம் எங்கே அனுப்பலாம் என்று கேட்பார்கள். ஆர்வக் கோளாறில் சங்கத்தின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்றவர்களுக்கும் அது ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். பொழுதுபோக்குச் சங்கத்தின் பொருளாளர் தெரிந்தே போய் மாட்டிக்கொள்ள வேண்டிய இடம் அல்ல அது.

இதையெல்லாம் சொன்னால், அப்போ நிவாரணப் பேச்சே குழுவில் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு கட்சியும் இருக்கிறது. ரேடியோ தவிர எதைப் போட்டாலும் நீக்கும் குழு நிர்வாகிகளை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவின் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோது, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நேரத்தில் புது டிரான்ஸீவரின் விலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது விதிப்படி சரியாக இருக்கலாம், மனிதத்தன்மையாக இருக்காது.

முதலில் கைவசம் உள்ளதைக் கொடுப்போம். இருபது மீட்டர் கம்பியை இரண்டாக வெட்டி நடுவில் கேபிளைக் கோத்து, உயரம் குறைவாகக் கட்டினால், பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சுற்றியுள்ள மாவட்டங்களையெல்லாம் எட்டிவிடலாம். கார் பேட்டரி ஒன்றும் அதைச் சார்ஜ் செய்ய ஒரு சோலார் தகடும் இருந்தால் கோபுரமும் வேண்டாம், மின்வாரியமும் வேண்டாம். இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. பணம் அனுப்பத் தெரிந்தவர்கள் நிறைய.

பணம் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், செய்தியை எழுதும் ஒழுக்கத்தோடு பேசுவோம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதியைச் சொல்லலாம். தணிக்கைக் கணக்கை வெளியிடும், அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்பு இருந்தால் அதையும் சொல்லலாம். சொல்கிறவர் தன் பெயரையும் அழைப்புக்குறியையும் தேதியையும் போட வேண்டும். அந்த அமைப்போடு தனக்குத் தொடர்பு உண்டென்றால் அதையும் எழுத வேண்டும். பணம் எந்த ஹாமின் சொந்தக் கணக்கு வழியாகவும் போகக் கூடாது, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். மாதம் ஒன்று கழிந்ததும் அதே ஆள் திரும்ப வந்து என்ன ஆயிற்று என்று குழுவில் எழுத வேண்டும். எழுதாதவருடைய அடுத்த வேண்டுகோளை நிர்வாகி நீக்கிவிடலாம், தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டில் பேட்டரியையும் ஆன்டெனாவையும் சோதித்துவிடுங்கள். அன்று மாலையே குழுவில் இந்த விதிகளைப் பேசி முடிவெடுத்து எழுதி வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு யாரும் நிதானமாகப் பேசுவதில்லை.