எட்டுக்கு ஒன்று

மாசி பிறந்துவிட்டால் என் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் வாசம் ஏறிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இன்று காலையும் அதே வாசம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

மதுரையில் அழகர்கோயில் மாவடு என்று கூவிக்கொண்டு கூடைக்காரம்மா வருவார். படிக்கணக்கில் வாங்கிக் கழுவி, வேட்டியில் பரப்பி, ஈரம் போக உலர்த்துவோம். விளக்கெண்ணெய் தடவிப் புரட்டுவது என் வேலை. "காம்பு ஒடியாமப் பொரட்டுடி, ஒடிஞ்சா வடு அழுகிப் போகும்" என்பாள் அப்பத்தா. எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. தினம் இரண்டு வேளை ஜாடியைக் குலுக்க வேண்டும். வடு தண்ணீர் விட்டுத் தோல் சுருங்கியதும், அந்தத் தண்ணீரிலேயே மிளகாய் வற்றலும் கடுகும் மஞ்சளும் அரைத்துச் சேர்ப்பாள்.

அவள் ஒரு வடுகூட விற்றதில்லை. தெருவில் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டுக்கெல்லாம் கிண்ணம் போகும். போன கிண்ணம் வெறுமனே திரும்பாது. முருங்கைக்காயோ வெல்லமோ கூட வரும்.

நான் விற்றேன். முதல் வருஷம் 12 பாட்டில், எல்லாம் தெரிந்தவர்களுக்கு. அப்புறம் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தேன்; சிறு வியாபாரத்துக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவு எண் அச்சடித்த லேபிளை முதன்முதலாக ஒட்டியபோது கை நடுங்கியது. அந்தச் சந்தோஷத்தில், ஒரு கடைக்காரர் 200 பாட்டில் கேட்டதும் தலையாட்டிவிட்டேன்.

அந்த வருஷம் பங்குனி முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. அவசரத்தில், ஈரம் காயாத வடுவை ஒரு ஜாடியில் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் திறந்தால் மேலெல்லாம் பூஞ்சை. கொல்லையில் குழி தோண்டிக் கொட்டும்போது அழுகை வந்தது. கடைக்காரரோ ஐப்பசியிலும் வடு வேண்டும் என்றார். ஐப்பசியில் மரத்தில் வடு ஏது?

கணக்கு நோட்டில் வடு, உப்பு, மிளகாய், பாட்டில், லேபிள் என எல்லாச் செலவும் எழுதி, லாபம் என்று ஒரு தொகைக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டு, "உன் கூலி எங்கம்மா?" என்றாள். எழுதிப் பார்த்தோம். லாபம் என்று நான் நினைத்த தொகை என் கூலியில் பாதிக்குக்கூடக் காணவில்லை.

அப்பத்தாவுக்குக் கூலி கிண்ணத்தில் திரும்பி வந்தது. கடைக்குப் போன பாட்டிலில் எனக்கு எதுவும் திரும்பவில்லை.

இப்போது வருஷத்துக்கு 40 பாட்டில்தான். என் கூலியையும் சேர்த்தே விலை வைக்கிறேன். தீர்ந்துவிட்டால் அடுத்த மாசிதான். வாங்குகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஊறுகாய் போட்டு விற்க நினைக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசையாகச் செய்கிற வேலைக்கும் கூலி உண்டு. நோட்டின் முதல் வரியில் அதை எழுதுங்கள். உப்புக்கு அளவு இருப்பது போல உங்கள் கைக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டி யார் கேட்டாலும், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.