காணியும் காலநிலையும்

காலநிலை நெருக்கடியை நகரங்கள் எவ்வாறு எதிர்கொள்வது என்ற கேள்விக்கு, மரம் நடுதலும் புகையில்லா மின்சாரமும் விடைகளாகக் கூறப்படுகின்றன. தலவாக்கலையில் வாழும் நாம் இவற்றை மறுப்பவரல்லர். மின்சாரத்தை நாம் கொடுத்தே இருக்கிறோம். எமது ஊரின் கொத்மலை ஓயாவை மறித்து எழுந்த மேல் கொத்மலை நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதன் வலு 150 மெகாவாற். அந்த வெளிச்சம் நாடெங்கும் செல்கிறது.

ஆயின், ஆற்றைக் கொடுத்த மலையில் வாழ்வோர் நிலை என்ன? லயங்களின் பின்னே சரிவு மண் நீரைக் குடித்துக் கனத்து நிற்கிறது. அடைமழை இரவுகளில் நாம் உறங்குவதில்லை; பின்சுவரின் ஓசைக்கே காது கொடுத்துக் கிடக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கே அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, காணி வரவில்லை. குடியேற ஓரடி நிலமும் இல்லாதவரிடம் "வெளியேறுங்கள்" என்பது எச்சரிக்கையாகுமா? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தின் சரிவுகள் சரிந்தன, உயிர்கள் மாய்ந்தன.

மலையையும் நகரத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது. சரிவில் கரையும் மண்ணே நீர்த்தேக்கத்தில் படிகிறது. நகரசபைகள் வடிகால்களைச் சீராக்கட்டும். ஆற்றோரங்களில் மரம் நடட்டும். எனினும், பாதுகாப்பான நிலத்தில், உறுதிப் பத்திரத்துடன் ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் காணி என்பதே முதற்பணி. ஆசிரியரும் மாணவரும் காலநிலை பற்றிப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் இக்கோரிக்கை ஒலித்தல் வேண்டும்.