கதிரவனைத் தொழும் முறை

தை அமாவாசைக்குப் பின் வரும் ஏழாம் நாள் ரத சப்தமி. எருக்க இலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடி, சூரிய பகவானுக்கு அர்க்கியம் அளிப்பது முன்னோர் வழக்கம்.

அவ்வொளி உடலையும் பேணுகிறது. வெயில் படும்போது தோலில் வைட்டமின் டி உண்டாகிறது; உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்று எலும்பை உறுதியாக்க அது வேண்டும். முதுமையில் தோல் அதனைக் குறைவாகவே உண்டாக்கும். கண்ணாடிச் சன்னலின் உள்ளே அமர்ந்து காயும் வெயில் அதற்கு உதவாது. சூரியன் சற்று மேலேறிய பின், கை கால்களில் சிறிது நேரம் வெயில் படுதல் நன்று.

ஆயினும், கண்ணிமைக்காமல் கதிரவனையே நோக்கித் தொழுவோர் உளர். விழித்திரைக்கு வலி தெரியாது; ஆதலால் அது புண்படுவதும் அப்போது தெரியாது. பின்னர்ப் பார்வையின் நடுவே கரும்புள்ளி தோன்றும்; சிலருக்கு அது நீங்காமலே நின்றுவிடும். உச்சி வேளையில் கொதிக்கும் கல்தளத்தில் வெறுங்காலுடன் பிராகாரம் வலம் வருவதும் அவ்வாறே. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர், கொப்புளம் எழுந்த பின்னரே சுட்டதை அறிகின்றனர்.

வலம் வருவதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, ஆதவனைத் தலை தாழ்த்தி, விழி மூடி வணங்குவதே முதியோர்க்குத் தக்கது. கைகூப்பி நிற்கும் மேனியின்மீது அவன் ஒளி தானே வந்து படியும்.