2184 முதல் 2200 வரை

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அதில் 25 கணக்கு. தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு. என்னோடு படிக்கிற நண்பர்கள் பலருக்கு இந்த 25 கேள்விதான் பயம். எனக்குப் பிரச்சினை வேறு மாதிரி. அந்தப் பக்கத்துக்குப் போனால் திரும்பி வர மனசு வராது. பொதுக் காரணி கண்டுபிடிக்க எண்களைப் பகா எண்களாக உடைக்க வேண்டும் இல்லையா, அந்த உடைக்கிற வேலையிலேயே உட்கார்ந்துவிடுவேன். 84 என்றால் 2, 2, 3, 7. 91 பார்க்கப் பகா எண் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், உடைத்தால் 7 பெருக்கல் 13. பஸ் டிக்கெட், கரண்ட் பில், நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நான் படித்தது பி.காம். கல்லூரியில் கணக்கு என்றால் எனக்கு வரவு செலவுக் கணக்குதான்.

இது செலவில்லாத பழக்கம் என்று சொல்ல முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கா ஓவர்லாக் டெய்லர். என் பஸ் காசு, தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், டீ எல்லாமே அவள் சம்பளம். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வருவாள். ஆக, நான் பகா எண்களோடு விளையாடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இன்னொருவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். இதை மறைத்துவிட்டு எண்களின் அழகைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

*

என் நோட்டில் முதலில் உருப்படியாக வந்த விஷயம் 24. பகா எண்களின் வர்க்கங்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். 25, 49, 121, 169, 289. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 24, 48, 120, 168, 288. எல்லாமே 24-ஆல் வகுபடுகின்றன. 2-ஐயும் 3-ஐயும் விட்டுவிட்டால் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இதே கதை. ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன், பிசகவே இல்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. ஒரு எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழிப்பதும், அந்த எண்ணுக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பெருக்குவதும் ஒன்றுதான். 7-ஐ எடுத்தால் 6 பெருக்கல் 8. பகா எண் ஒற்றை என்பதால் இரண்டு பக்கத்து அண்டை வீட்டார்களும் இரட்டை. அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களில் ஒன்றை 4 வகுக்கும். ஆக பெருக்குத்தொகையை 8 வகுக்கும். அப்புறம், அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்றை 3 வகுத்தே ஆக வேண்டும். நடுவில் இருப்பது பகா எண், அது 3-க்கு இடம் கொடுக்காது. அப்படியென்றால் பக்கத்தில் இருக்கிறவர்களில் ஒருவர். எட்டு, மூன்று, இருபத்துநான்கு. முடிந்தது.

நூலகத்தில் என் பக்கத்து நாற்காலி நண்பனிடம் காட்டினேன். போனில் தேடிவிட்டு, "மச்சி, இது அரதப் பழசு. ஸ்கூல் பசங்க போட்டியிலயே கேக்கறாங்க" என்றான். அது உண்மைதான். ஆனால் எனக்கு ஏமாற்றம் வரவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன். அந்த நிரூபணத்துக்கு நடுவில் இருப்பது பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. 2-உம் 3-உம் வகுக்காமல் இருந்தால் போதும். 25-ஐப் போட்டுப் பாருங்கள்: 625-இல் ஒன்று போக 624, 24 பெருக்கல் 26. பழசோ புதுசோ, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விடை தெரிந்த வீட்டுக்கு நானே வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

ராமானுஜனும் முதலில் இப்படித்தான். கையில் கிடைத்த சூத்திரத் தொகுப்பை வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்த பலவற்றைத் தானே மறுபடி கண்டுபிடித்தார். 1913-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபடி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு அவர் சொன்ன சூத்திரம் அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக இல்லை என்பதும் அந்தக் கதையின் பகுதி. அவருக்கே அந்த இடத்தில் பகா எண்கள் பிடிகொடுக்கவில்லை.

பகா எண்கள் நம்பவைத்துக் கழுத்தறுக்கும். 31 பகா எண். 331-உம். 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் "கண்டுபிடிச்சுட்டேன்" என்று எழுந்து நின்றுவிடுவார்கள். அடுத்தது 333333331. அது 17 பெருக்கல் 19607843. ஏழு முறை சரியாக வந்ததற்கு எட்டாவது முறை எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் கணிதத்தில் உதாரணத்தை யாரும் மதிப்பதில்லை, நிரூபணம் கேட்கிறார்கள்.

*

எஸ். எஸ். பிள்ளையின் பெயர் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளியில் ஓர் ஆசிரியர் கைகொடுத்ததால் படிப்பைத் தொடர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த காலத்தில் எண் கோட்பாட்டில் உலகம் திரும்பிப் பார்க்கிற வேலைகளைச் செய்தார். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்துபோனார். வயது 49.

அவர் 1940-இல் நிரூபித்த ஒன்று என்னைப் போன்ற நோட்டுக் கிறுக்கர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. அடுத்தடுத்த எண்களை ஒரு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் மற்ற யாரோடும் பொதுக் காரணி இல்லாமல் தனியாக நிற்கிற எண் ஒன்றாவது இருக்குமா? 16 எண்கள் வரை எங்கே எடுத்தாலும் இருக்கும் என்றார் பிள்ளை. 17 ஆனால் அந்த உறுதி போய்விடும். 17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் யாரும் தனியாக நிற்காத வரிசை உண்டு என்று காட்டினார். அதற்கு மேலும் எல்லா நீளத்துக்கும் உண்டு என்று பிறகு ஆல்ஃபிரட் பிரவுர் முடித்துவைத்தார்.

17-க்கு உதாரணம் 2184 முதல் 2200 வரை. நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதை உடைத்தேன். இரட்டை எண்களுக்குக் கவலையில்லை, 2 எல்லாரையும் சேர்த்துவிடும். 2187, 2193, 2199 மூன்றையும் 3 வகுக்கும். 2185-ஐயும் 2195-ஐயும் 5 வகுக்கும். 2191-க்கு 7 வழியில் 2184 சொந்தம். மிச்சம் இரண்டு பேர். 2189 என்பது 11 பெருக்கல் 199; அதற்கு வரிசையில் இருக்கிற ஒரே சொந்தம் 2200. 2197 என்பது 13-இன் கனம். அதற்கு ஒரே சொந்தம் 2184.

அன்றைக்கு அக்கா வந்தபோது மணி பத்தரை. சாப்பிட்டுக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இது பரிட்சைக்கு வருமா கண்ணு?"

"வராதுக்கா."

"அப்பறம் எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. பதிலுக்குப் பதிலாகக் கணக்கைச் சொன்னேன். பதினேழு பேர் வரிசையா நிக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் அந்த வரிசைக்குள்ளயே ஒரு சொந்தம் இருக்கு, பதினாறு பேருன்னா எப்படியும் ஒருத்தர் அநாதையா நிப்பாரு. சொந்தங்களைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் இருந்த 2200-ஐ விரலால் மூடினாள். 2189 தனியானது. விரலை எடுத்துவிட்டு முதலில் இருந்த 2184-ஐ மூடினாள். 2197 தனியானது. கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஓரத்துலயும் புடிச்சு நிக்குதுடா. எந்த ஓரத்தப் பிரிச்சாலும் நூல் வந்துரும்."

நான் அதுவரை அப்படிப் பார்த்திருக்கவில்லை. எனக்கு அது பதினேழு தனித்தனிக் கணக்கு. அவளுக்கு ஒரே துண்டுத் துணி. அந்த வரிசை ஏன் பதினேழில் நிற்கிறது, பதினாறில் ஏன் பிரிகிறது என்பதை அவள் கையால் தொட்டுச் சொல்லிவிட்டாள். அப்புறம் எழுந்து, "சரி, பரிட்சைக்கும் படி. அடுத்த வருசம் இதே பஸ் காசு என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். அதனால் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இப்போது சாயங்காலம் ஐந்து மணி வரை குரூப் 4. அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு. தேர்வில் கட் ஆஃப் இருக்கிறது, காலிப்பணியிடம் இருக்கிறது; ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே. நிரூபணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 24-இன் காரணத்தை நான் புரிந்துகொண்டதால் யாருடைய இடமும் போகவில்லை. என் நாளில் அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர அக்காவின் கேள்விக்கு இன்னமும் பெரிய பதில் என்னிடம் இல்லை.

கப்ரேகரிடம் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது. 45-இன் வர்க்கம் 2025, அதையே 20-உம் 25-உமாகப் பிரித்துக் கூட்டினால் மறுபடி 45 என்பது மாதிரியான எண்களைத் தேடிக்கொண்டே வாழ்ந்தார். 6174-ஐக் கண்டுபிடித்தது 1949-இல். மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி எழுதி உலகம் தெரிந்துகொண்டது 1975-இல், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து. நடுவில் இருந்த வருடங்களில் அவர் நிறுத்தவில்லை.

*

பிள்ளையின் அந்த வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது. 2187 என்பது 3-இன் ஏழாவது அடுக்கு. 2197 என்பது 13-இன் மூன்றாவது அடுக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 10. இது அவருடைய இன்னொரு கேள்விக்குள் கொண்டுபோய்விடுகிறது. வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அது இந்த வரிசையில் சில தடவை மட்டுமே வரும், முடிவில்லாமல் வராது என்று பிள்ளை ஊகித்தார். வித்தியாசம் 1 என்றால் 8-உம் 9-உம் மட்டும்தான் என்பதை 2002-இல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். 2-இலிருந்து மேலே எதற்கும் இன்னும் நிரூபணம் இல்லை.

நான் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். 2-க்கு 27, 25. 3-க்கு 4, 1. 4-க்கு 36, 32. 5-க்கு 32, 27. 7-க்கு 16, 9. 6-க்கு எதிரே ஒன்றும் இல்லை. 6 வித்தியாசத்தில் இரண்டு அடுக்கு எண்கள் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. கிடைக்கவே கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. கொஞ்ச தூரம் போயிருக்கிறேன்: இரண்டும் இரட்டை எண்களாக இருந்தால் இரண்டையும் 4 வகுக்கும், வித்தியாசத்தையும் 4 வகுத்தாக வேண்டும், 6-ஐ 4 வகுக்காது. ஒன்று இரட்டை, ஒன்று ஒற்றை என்றால் வித்தியாசம் ஒற்றையாகிவிடும். ஆக இரண்டும் ஒற்றை. இரண்டுமே வர்க்கமாகவும் இருக்க முடியாது, ஒற்றை வர்க்கங்களின் வித்தியாசத்தை 8 வகுக்கும். 24 கற்றுக்கொடுத்த பாடம் அது. அதற்கு மேல் நகரவில்லை. பேனாவும் தாளும் இருந்தால் நீங்களும் அங்கிருந்து தொடங்கலாம்.