நெல்லுக்குள் ஒரு குப்பி

சீராக் நூலின் ஒன்பதாம் அதிகாரம் புதிய நண்பனைப் புதிய திராட்சை இரசத்துக்கு ஒப்பிடுகிறது. நாட்பட்ட பின்னரே அதை இன்பமாய்ப் பருகலாமாம். திராட்சைத் தோட்டம் கண்டறியாத நம் காவிரிப் படுகையில் இதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அரிசியைக் கொண்டுதான். புது நெல்லின் அரிசி குழையும், வயிற்றுக்கும் ஆகாது. ஓராண்டு கிடந்த நெல்லின் சோறோ பொலபொலவென்று உதிரும்.

என் மனைவி இரண்டிலும் தேர்ந்தவள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர்த் திராட்சையைத் தஞ்சையில் வாங்கி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவிடுவாள். இது திருப்பலிக்கு ஆகாது; திருச்சபைச் சட்டம் 924 கலப்பற்ற திராட்சை இரசத்தையே கேட்கிறது. கிறிஸ்து பிறப்பு விருந்துக்கு அதுவே எங்கள் வீட்டுப் பெருமை.

2009-இல் வடித்ததில் ஒரு குப்பியைத் தக்கையிட்டு மூடி, நெற்குதிருக்குள் படுக்கவைத்தாள். காரைக்காலில் பிறந்து பிரான்சில் குடியேறிய என் நண்பர் வரும்போது திறப்பதற்காம். அவர் வரவில்லை. 2015-இல் அவள் இறைவனடி சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் குப்பியை எடுத்துத் துடைத்து, அவளுடைய படத்தருகே நிறுத்தி வைத்தேன். மாலைச் செபமாலையின்போது கண் தானாக அதன்மேல் போகும்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நண்பர் வந்துவிட்டார். கோழிக் குழம்பும் பழைய அரிசிச் சோறும் பரிமாறிய பின், அவர் கொணர்ந்த 2005-ஆம் ஆண்டின் போர்தோ இரசத்தை முதலில் திறந்தோம். சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறி, துவர்ப்பு அடங்கியிருந்தது.

அடுத்து எங்கள் குப்பி. தொட்டதும் தக்கை உதிர்ந்தது. கிண்ணத்தில் ஊற்றுமுன்பே நெடி எட்டிவிட்டது. காடி!

நண்பர் தக்கைத் துணுக்கை விரல்களுக்கிடையே உருட்டினார். "நிறுத்தியா வைத்திருந்தாய்?" என்றார்.

படுத்திருக்கும் குப்பியில் இரசம் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் தக்கை உலர்ந்து சுருங்கும், காற்று நுழையும், காற்றை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் இரசத்தைக் காடியாக்கிவிடும். பிரான்சைப் பார்த்திராத அவள் அதைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். அவள் நினைவாகப் போற்றுவதாக எண்ணிக் கெடுத்தவன் நான்.

யோவான் நற்செய்தியில் கானாவூரின் நல்ல இரசமும் உண்டு, கல்வாரியின் காடியும் உண்டு. இரண்டிடத்திலும் அன்னை மரியா உடனிருந்தார். அந்நேரத்தில் ஏனோ அது நினைவுக்கு வந்தது. நண்பரிடம் சொல்லவில்லை. தொண்டை அடைத்திருந்தது.

கொட்டிவிட எழுந்தேன். நண்பர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். தம் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை ஊற்றி, தண்ணீர் கலந்து, "தங்கச்சி எனக்காக வைத்ததல்லவா?" என்று சொல்லி, முகம் சுளிக்காமல் குடித்தார்.

பிறகு தம் போர்தோக் குப்பியின் தக்கையை எடுத்து எங்கள் குப்பியின் வாயில் அழுத்திச் செருகினார். "குதிரில் இப்போது நெல் இருக்கிறதா?" என்று கேட்டார்.