அரை அங்குலக் குழாய்

மட்டாஞ்சேரியில் நாம் குடியிருக்கும் பழைய வாடகை வீட்டில் சென்ற மாதம் இரும்புக் குழாய் துருவேறி உடைந்தது. இரண்டு நாள் தண்ணீரில்லை. அன்னையார் அண்டை வீட்டிலிருந்து குடம் சுமந்தார். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டரெனக் கணக்கிட்டுக் கடையில் கேட்டோம். அப்படியோர் அளவே இல்லையாம்! துணிந்து வாங்கிய 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயும் பொருந்தவில்லை.

குழாய் வேலைக்கு வந்த முதியவர் நகைத்தார். இரும்புக் குழாயின் அளவு ஏறத்தாழ உட்துளையைக் குறிப்பது, பிளாஸ்டிக்குக்கோ வெளிவிட்டம். 1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப் பின் அரை அங்குலம் 15 மில்லிமீட்டர் எனப் பெயர் மாறிற்றேயன்றி மரை மாறவில்லை. இன்றும் அங்குலத்துக்கு 14 புரிதான்.

உடைந்த துண்டைக் கழற்றவே அரைநாள் ஆயிற்று. ஒருபுறம் மரையும் மறுபுறம் பசையிடும் வாயும் கொண்ட சிறு இணைப்பை, டெஃப்லான் நாடா சுற்றி, மிகையாக இறுக்கினால் வெடிக்குமென்று கையாலேயே திருகினார். மாலையில் அன்னையார் குடத்தை நம் குழாயடியில் வைத்தார்.