கடலை இழந்த ஊர்

உஸ்பெகிஸ்தானத்தின் மேற்குப் பிரதேசத்தில் மூய்னாக் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆரல் கடலின் துறைமுகமாய், மீன் வியாபாரத்தில் செழித்திருந்த ஊர் அது. நாம் அங்கே சென்றபோது அலையைக் காணோம். துருப்பிடித்த படகுகளே மணலில் சாய்ந்து கிடந்தன.

1960-க்குப் பிறகு அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு நதிகளின் ஜலமும் பருத்திச் சாகுபடிக்காக மேலும் மேலும் கால்வாய்களில் திருப்பப்பட்டது. கடல் வற்றி, அதன் அடித்தரை ஆரல்கும் என்னும் பாலைவனமாயிற்று.

இப்பிரதேசத்துக்குப் புழுதிக் காற்று புதிதன்று. கராகும், கிஸில்கும் பாலைவனங்களிலிருந்து அது என்றும் வீசி வந்ததுதான். ஆனால் இப்போது வருவது உப்பும், வயல்களிலிருந்து வழிந்து சேர்ந்த பூச்சிமருந்தும் கலந்த வெண்புழுதி. ஆரல்குமிலிருந்து ஆண்டுதோறும் எழும் புழுதி 1984-இல் 1 கோடியே 40 லட்சம் டன்னாக இருந்து, 2015-இல் 2 கோடியே 70 லட்சம் டன்னாகப் பெருகியதென்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2018 மே மாதத்தில் வீசிய உப்புப் புயல் பயிர்களின்மீது வெண்மையாய்ப் படிந்தது.

வறண்ட தரையில் இப்போது சாக்ஸால் என்னும் பாலைவனச் செடியை நட்டு வருகிறார்கள். அதன் வேர் மண்ணைப் பற்றும். கிளைகள் காற்றைத் தணிக்கும். நல்ல முயற்சியே. எனினும், கடல் இருந்தவரை அந்த மண்ணுக்கு ஜலமே காவலாயிருந்தது. நதியைத் திருப்புகிறவர்கள் அதன் முடிவில் வாழ்பவர்களையும் சற்றே நினைப்பார்களாக!